மலைநாட்டு ஈரத்துக்கு ஒரு மடக்குக்கத்தி

என் வலது கை ஆட்காட்டி விரலில், நடு மடிப்புக்குக் கொஞ்சம் மேலே, ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. 650 ரூபாய்க் கத்தி ஒன்று போட்ட கையெழுத்து அது. ரவுணில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தரையில் சாக்கு விரித்து டோர்ச், குடை, ரேடியோ பெட்டரி எல்லாம் விற்பார்களே, அங்கே வாங்கியது. கறுப்புப் பிடி, பிடியில் கழுகுப் படம், அலகில் பாதிக்குப் பல் பல்லாக வெட்டு, பிடியின் வாலில் சீட் பெல்ட் அறுக்க ஒரு கொக்கி, கண்ணாடி உடைக்க ஒரு முனை. விமானத்திலிருந்து குதிக்கிற ஆளுக்குச் செய்த மாதிரி இருக்கும். நான் குதித்ததெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கானுக்கு மேலால்தான்.

பழைய பிளாஸ்டிக் கேன் ஒன்றில் கறிமிளகாய் நடலாம் என்று, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போடப் போனேன். முனையைக் குத்தித் திருகும்போது பூட்டு நழுவிவிட்டது. அலகு மடங்கி நேரே விரலுக்கு வந்தது. நாலு தையல்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கத்தியின் வாயில் எந்தக் குறையும் இல்லை. என் விரலைக் கேட்டால் சொல்லும், எவ்வளவு கூர் என்று. குறை மூட்டில் இருந்தது. அதற்குப் பிறகு நாலைந்து கத்தி வாங்கி, இரண்டைத் தொலைத்து, ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்து, நான் வந்து சேர்ந்த இடம் இதுதான்: மடக்குக்கத்தி வாங்கும்போது நாம் காசு கொடுப்பது கூருக்கு அல்ல, மூட்டுக்கு. கூர்மையை எந்தக் கத்திக்கும் வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளலாம். மூட்டை வீட்டில் சரிப்படுத்த முடியாது. குறைந்த காசில் வாங்குகிறவர் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

தாத்தாவின் கவ்வாத்துக் கத்தி இன்னும் எங்கள் வீட்டுக் கூரை வாரையில் செருகிக் கிடக்கிறது. லொறி ஸ்பிரிங் பட்டையைப் பட்டறையில் அடித்துச் செய்தது. தேயிலைச் செடியை நாள் முழுக்க வெட்டிய கத்தி, ஆனால் அதில் அசைகிற பாகம் என்று எதுவும் கிடையாது. அலகின் வால் பிடிக்குள் போய் முடிகிறது, அவ்வளவுதான். மடக்குக்கத்தி அப்படி இல்லை. அது நடுவில் முறித்துவிட்டுத் திரும்ப ஆணியடித்துச் சேர்த்த கத்தி. முறித்த இடத்தை எப்படிப் பிடித்து வைக்கிறார்கள் என்பதுதான் ஒரு கத்திக்கும் இன்னொரு கத்திக்கும் உள்ள வித்தியாசம். விலை வித்தியாசமும் அதில்தான்.

யாழ்ப்பாணப் பக்கம் இதை வில்லுக்கத்தி என்பார்கள். எங்கள் மலையகப் பக்கம் பேனாக்கத்தி. பேனாக்கத்தி என்ற பேர் இறகுப் பேனா சீவின காலத்தில் இருந்து வந்தது, பென்சில் சீவுவதோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் வில்லுக்கத்தி என்ற பேரில் கத்தியின் பொறிமுறையே இருக்கிறது. பிடியின் முதுகுப்பக்கம் ஒரு இரும்புப் பட்டை வில்லாக வளைந்து நின்று அலகின் அடியை அழுத்துகிறது. திறக்கும்போது கொஞ்சம் மல்லுக்கட்டி, பிறகு 'டக்' என்று போய் நிற்கும். மூடும்போதும் அப்படியே. பூட்டு கிடையாது, வில்லின் இழுவைதான் பிடித்து வைத்திருக்கிறது. சிவப்புப் பிடி சுவிஸ் கத்திகள் பெரும்பாலும் இந்த வகை. கார்ல் எல்செனர் என்பவர் 1884இல் சுவிட்சர்லாந்தின் இபாக்கில் பட்டறை தொடங்கி, 1891இல் அந்த நாட்டு இராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். இன்று விக்டோரினொக்ஸ் என்று நமக்குத் தெரிகிற கம்பனி அதுதான். நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்த வில் முறையை அவர்கள் கைவிடவில்லை.

வில்லை விடவும் பழையது, வில்லே இல்லாத மூட்டு. பழைய சலூன்களில் சவரக்கத்தி பார்த்திருப்பீர்கள். ஆணி ஒன்று, அதன் இறுக்கம் ஒன்று, வேறு ஒன்றும் இல்லை. ஜப்பான்காரர்கள் ஹிகோனொகாமி என்று ஒரு பித்தளை அல்லது இரும்புத் தகட்டுப் பிடிக் கத்தி செய்கிறார்கள், அதுவும் இந்த ஜாதிதான். அலகின் வால் பின்னால் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும், வெட்டும்போது பெருவிரலால் அதை அமுக்கிப் பிடிக்க வேண்டும். பூட்டு நம் பெருவிரல். கெட்டுப்போக அதில் ஒன்றுமே இல்லை, அதனால்தான் மலிவாகவும் இருந்து நல்லதாகவும் இருக்க முடிகிறது.

மூன்றாவது, வளையம். பிரான்ஸில் சவோய் என்கிற பகுதியில், அதுவும் ஒரு மலைநாடுதான், ஜோசப் ஒபினெல் என்பவர் 1890இல் விவசாயிகளுக்கு என்று மரப்பிடிக் கத்தி ஒன்றைச் செய்தார். அலகு, ஒரு ஆணி, ஒரு மரத்துண்டு, பிடியின் தலைப்பில் ஒரு வளையம். 1955இல் அந்த வளையத்துக்கு மேலே இன்னொரு வளையத்தைப் போட்டுத் திருப்பிப் பூட்டுகிற மாதிரி ஆக்கினார்கள். வளையத்தைத் திருப்பினால் அலகு மூட வழியில்லை. அவ்வளவு எளிது, அவ்வளவு உறுதி. அளவுக்கு ஒரு இலக்கம் கொடுத்திருப்பார்கள். 8ஆம் இலக்கம் 8.5 சென்டிமீட்டர் அலகு, பெரும்பாலானவர்கள் வாங்குவது அதைத்தான். வெளிநாட்டில் 15, 20 டொலருக்குள் கிடைக்கிற கத்திகளில் எனக்குத் தெரிந்து வெட்டுவதில் இதை மிஞ்சினது இல்லை.

ஆனால் நம் ஊருக்கு வந்தால் அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. பீச் மரப்பிடி ஈரத்தைக் குடிக்கும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற ஜூன், ஜூலையில், துவைத்த துணி ஒரு கிழமையானாலும் காயாத நாட்களில், பிடி ஊதிப்போய் அலகை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும். நகத்தால் இழுத்து நகம் போனவர்கள் உண்டு. அதற்கு அந்தச் சவோய் மலைநாட்டுக்காரர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: வளையத்தைத் திறந்துவிட்டு, பிடியின் பின்நுனியை மேசையில் 'டொக்' என்று ஒரு தட்டு. அலகு தானே கொஞ்சம் வெளியே வரும். நான் வேறு ஒன்றும் செய்வேன், வெயில் காலத்திலேயே பிடியின் உட்பள்ளத்தில் மெழுகுதிரியை உருக்கித் தடவிவிடுவேன். முழுக்க நிற்காது, ஆனாலும் குறையும்.

அப்புறம் அந்த 650 ரூபாய்க் கத்தியின் ஜாதி, உள்தகட்டுப் பூட்டு. பிடிக்குள் ஒரு பக்கத்துத் தகடு உள்ளே வளைந்து வந்து, திறந்த அலகின் அடிக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும். இதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கத்திக் கைவினைஞர் மைக்கேல் வாக்கர், 1980களின் தொடக்கத்தில். நன்றாகச் செய்தால் அருமையான பூட்டு, ஒரு கையாலேயே திறந்து மூடலாம். ஆனால் அந்தத் தகடும் அலகின் அடியும் சந்திக்கிற இடம் மயிரிழை கணக்கில் சரியாக இருக்க வேண்டும். சாய்வு பிசகினால், அழுத்தம் வரும்போது தகடு வழுக்கிக்கொண்டு போய்விடும். மலிவுக் கத்தியில் முதலில் மிச்சம் பிடிக்கிற இடம் இந்த மயிரிழைதான். கழுகுப் படத்துக்கு ஆகும் செலவு அதைவிடக் குறைவு.

முதுகுப் பூட்டும் உண்டு. பிடியின் முதுகில் ஒரு கட்டையை அமுக்கினால்தான் மூடும். 1964இல் வந்த பக் 110 என்கிற அமெரிக்கக் கத்தியால் பிரபலமானது. உறுதியானது, கனமானது, சாரத்தில் செருகினால் சாரம் இறங்கிவிடும். மேலே போவோம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். பூட்டு அப்படி ஆபத்தாக வழுக்குமென்றால், பூட்டே இல்லாத வில்லுக்கத்தி அதைவிட ஆபத்து இல்லையா? என் அனுபவத்தில் நேர்மாறு. பூட்டு இல்லை என்று தெரிந்தால் கை ஜாக்கிரதையாக இருக்கும், குத்தாது, இழுத்து மட்டும் வெட்டும். பூட்டை நம்பிக் குத்துகிறவன்தான் விரலைக் கொடுக்கிறான். நல்ல பூட்டு, அல்லது பூட்டே வேண்டாம். இடையில் இருக்கிற பூட்டைத்தான் நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

லண்டனில் இருக்கிற மாமா கொண்டுவந்து கொடுத்ததும் வில்லுக்கத்திதான். ஏன் பூட்டுள்ளது வாங்கவில்லை என்று கேட்டபோது சிரித்தார். அங்கே காரணம் சொல்லாமல் வெளியே கொண்டுதிரியலாம் என்றால் மடங்க வேண்டும், பூட்டு இருக்கக் கூடாது, வெட்டுகிற விளிம்பு 3 அங்குலத்துக்குமேல் போகக் கூடாது. 1988ஆம் ஆண்டுச் சட்டம். இணையத்தில் இங்கிலாந்துக்காரர்கள் ஏன் சின்ன வில்லுக்கத்திகளையே புகழ்ந்து எழுதுகிறார்கள் என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. யார் எழுதினதை வாசித்தாலும் அவர் எந்த நாட்டுச் சட்டத்துக்குள் நின்று எழுதுகிறார் என்று ஒரு தரம் பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, கடைக்குப் போவோம். ஹாட்வெயார் கடைகளில் கண்ணாடி மேசைக்குக் கீழே, பூட்டுகளுக்கும் கைக்கடிகாரப் பெட்டரிகளுக்கும் நடுவில், ஒரு பெட்டியில் ஏழெட்டுக் கத்தி கிடக்கும். எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். ஒரே மொடல் மூன்று இருந்தால் மூன்றையும். மலிவுக் கத்தியில் ஒரே பெட்டியில் வந்த இரண்டு ஒரே மாதிரி இருக்காது, அதனால் மொடலைத் தெரிவு செய்வதைவிடத் துண்டைத் தெரிவு செய்வது முக்கியம்.

முதலில் மூடிய கத்தியை வாய்ப்பக்கம் மேலே வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். அலகு பிடியின் இரண்டு சுவருக்கும் நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கமாகச் சாய்ந்து உரசுகிறதா? உரசினால் ஆணி நேராக இல்லை. அப்புறம் திறந்து, ஒரு கையால் பிடியையும் இன்னொரு கையின் இரண்டு விரலால் அலகின் முதுகையும் பிடித்து, பக்கவாட்டில் ஆட்டுங்கள், பிறகு மேலும் கீழும் ஆட்டுங்கள். பக்கவாட்டு ஆட்டம் கொஞ்சம் இருந்தால், ஆணி திருகாணியாக இருக்கிற பட்சத்தில் இறுக்கிக்கொள்ளலாம். அடித்த ரிவெட்டாக இருந்தால் அது கல்யாணம் மாதிரி, அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். மேல்கீழ் ஆட்டம் இருந்தால் திருகாணியோ ரிவெட்டோ, கீழே வைத்துவிடுங்கள், அது பூட்டின் குறை. கடைசியாக, பூட்டுள்ள கத்தி என்றால், பிடியைச் சுற்றி விரல் மடக்காமல், உள்ளங்கையால் இரண்டு பக்கமும் மட்டும் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் மெல்லத் தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், கதவு தட்டுகிற மாதிரி போதும். மூடிக்கொண்டால் உங்கள் விரல் தப்பியது.

இதை நான் செய்தபோது முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னா தம்பி, கத்தி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" மூன்றில் இரண்டு தட்டினவுடன் மடங்கிவிட்டது. மூன்றாவது நின்றது. மடங்கின இரண்டையும் அவர் துடைத்துத் திரும்ப அதே பெட்டியில் வைத்தார்.

உருக்கைப் பற்றி இணையத்தில் எழுதப்படுகிற அளவுக்கு அது முக்கியம் இல்லை என்பது என் கட்சி, ஆனாலும் எண்களை வாசிக்கத் தெரிந்தால் ஏமாறமாட்டோம். மலிவுக் கத்திகளில் அதிகம் காண்பது சீன உருக்கு. அதன் பேரிலேயே சமையல் குறிப்பு இருக்கிறது. 8சிஆர்13எம்ஓவி என்றால், முதல் எண் கரி, அதாவது காபன், ஏறக்குறைய 0.8 சதவீதம், அடுத்தது குரோமியம் 13 சதவீதம், பிறகு மொலிப்டினம், வனேடியம் கொஞ்சம். 3சிஆர்13 என்றால் அதே குரோமியம், கரி மட்டும் 0.3. கரி குறைந்தால் கடினம் குறையும், கூர் சீக்கிரம் மழுங்கும். ஆகவே 3 வேண்டாம், 5 பரவாயில்லை, 8 நல்லது, இவ்வளவு கணக்குப் போதும். வெறுமனே 'ஸ்டெயின்லெஸ்' என்றோ 'சேர்ஜிக்கல்' என்றோ மட்டும் பொறித்திருந்தால் எண்ணைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

டி2 என்ற உருக்கை இந்த விலையில் நிறையப் பேர் தூக்கிப் பிடிப்பார்கள். கரி 1.5 சதவீதம், கூர் நிற்கும், உண்மைதான். ஆனால் அதிலுள்ள 12 சதவீதம் குரோமியத்தில் நல்ல பங்கு கரியோடு சேர்ந்து கடினத் துகளாகிப் போய்விடுகிறது, துருவைத் தடுக்க மிச்சம் நிற்பது குறைவு. வறண்ட ஊரில் தெரியாது. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற இடத்தில், ஈர ஜெர்சிப் பையில் இரண்டு நாள் கிடந்தாலே அலகில் மிளகுப் புள்ளி மாதிரி விழ ஆரம்பிக்கும். எங்கள் மலைக்கு, கூர் கொஞ்சம் குறைய நின்றாலும் துருப்பிடிக்காததே மேல். கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் 14சி28என் என்கிற சுவீடன் உருக்கு இரண்டுக்கும் நடுவில் நல்ல சமாதானம்: 14 சதவீதம் குரோமியம், அதோடு நைதரசன் கலந்தது. கடினமும் உண்டு, துருவுக்கும் பயமில்லை.

உருக்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவது தடிமன். யாரும் பார்க்காத விஷயம் இது. கழுகுக் கத்தியின் முதுகு 3 மில்லிமீட்டருக்கு மேல். ஒரு கரட்டை அதால் வெட்டினால் வெட்டாது, ஆப்பு அடித்த மாதிரிப் பிளக்கும், பாதியில் 'சடக்' என்று உடைந்து ஒரு துண்டு மேசைக்குக் கீழே போகும். ஒபினெல் 8ஆம் இலக்கத்தின் முதுகு 2 மில்லிமீட்டர்கூட வராது, கரட்டுக்குள் அது போவது தெரியவே தெரியாது. சுவிஸ் கத்தியின் உருக்கு, கடினத்தை அளக்கிற ரொக்வெல் அளவில் 56 பக்கம்தான், நல்ல சீனக் கத்தி 58, 59 வரும். ஆனாலும் சுவிஸ் கத்தி வெட்டும், ஏனென்றால் அது மெல்லிசு. மெல்லிசான சாதாரண உருக்கு, தடித்த உயர்ந்த உருக்கைச் சமையலறையிலும் தோட்டத்திலும் தினமும் தோற்கடிக்கும்.

நாம் எதை வெட்டுகிறோம் என்று ஒரு கிழமை கணக்கு வைத்துப் பார்த்தேன். ரஃபியா கயிறு, பார்சல் டேப், ஹோஸ் பைப், வயர் தோல், பேரிக்காய், அம்மாவின் கோவா இலை, மகளின் பென்சில், அட்டை கடித்த காலுக்குக் கட்டத் துணி. உரப்பைத் தையலும் வெட்டினேன், ஆனால் அதற்குக் கத்தியே தேவையில்லை. சங்கிலித் தையலின் சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் தையல் முழுக்க 'சர்ர்' என்று பிரிந்து வந்துவிடும். எந்த நுனி என்பதை மட்டும் பத்து வருடமாகியும் நான் முதல் தரத்திலேயே கண்டுபிடித்தது இல்லை. இந்தப் பட்டியலில் 7 சென்டிமீட்டருக்கு மேல் அலகு கேட்டது ஒன்றுமில்லை. குத்த வேண்டியதும் ஒன்றுமில்லை.

கடையில் பெட்டி உடைப்பதுதான் உங்கள் முழு வேலையும் என்றால், மனதில் கத்தி ஆசையை வைத்துக்கொண்டே ஒரு உடைக்கிற அலகுக் கட்டர் வாங்குங்கள். மழுங்கினால் நுனியை உடைத்து எறியலாம். 1956இல் ஜப்பானில் யோஷியோ ஒகாடா சொக்லட் கட்டி உடைவதையும் உடைந்த கண்ணாடியின் கூர்மையையும் பார்த்துக் கண்டுபிடித்தது அது, ஓல்ஃபா என்கிற பேரே 'அலகை உடை' என்ற ஜப்பானிய வார்த்தையில் இருந்து வந்தது. அட்டைப்பெட்டிக்கு அதை வெல்ல எந்தக் கத்தியாலும் முடியாது. பழத்துக்குத்தான் உதவாது.

துருவைப் பற்றி இன்னும் கொஞ்சம். அலகில் வருகிற துரு கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். மூட்டுக்குள் வருவது தெரியாது. பேரிக்காய்ச் சாறு, எலுமிச்சை, வியர்வை உப்பு எல்லாம் ஆணியைச் சுற்றிப் போய் உட்காரும். ஒரு நாள் திறக்கும்போது மணல் அரைகிற மாதிரிச் சத்தம் வரும், அதுதான். மாதத்துக்கு ஒரு தரம் சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டு மூட்டைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மரப்பிடிக்கு மட்டும் கழுவல் வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

எண்ணெய் என்றதும் எல்லார் கையும் தேங்காயெண்ணெய்க்குப் போகும். கொழும்பில் இருப்பவர் விடட்டும். நுவரெலியாவில் விடியற்காலை போத்தலைக் கவிழ்த்துப் பாருங்கள், வெள்ளையாக உறைந்து கிடக்கும், 24, 25 பாகைக்குக் கீழே அது கட்டிப்பட்டுவிடும். அதே கட்டி உங்கள் கத்தியின் மூட்டுக்குள்ளும் உட்காரும், தூசியோடு சேர்ந்து பசையாகும். தையல் மெஷின் எண்ணெய்தான் சரி, சின்னப் போத்தல் ஒன்று மூன்று வருடம் வரும். பழம் வெட்டுமுன் அலகைத் துடைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

குரோமியம் அதிகம் சேராத கரி உருக்கு அலகு வாங்கினவர்கள் கறுப்பைப் பார்த்துப் பயப்படக் கூடாது. தாத்தாவின் கவ்வாத்துக் கத்தி ஏன் அப்படிக் கறுத்துக் கிடக்கிறது என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், "தேயிலைப்பால் குடிச்சது" என்பார். கிட்டத்தட்ட சரியான பதில். தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும், பழைய காலத்து மை செய்ததும் இதே வழியில்தான். புதுக் கரி உருக்கு அலகைச் சூடான கடும் சாயத்தேத்தண்ணிக்குள் ஒரு மணித்தியாலம் நிறுத்தி வைத்தால் சாம்பல் கலந்த கறுப்பு ஒன்று ஏறும். அந்தப் படை செந்துருவைக் கொஞ்சம் தடுக்கும். கறுப்பு இருக்கட்டும், சிவப்பைத்தான் துடைக்க வேண்டும். ஒபினெல் கரி உருக்கிலும் வருகிறது, துருப்பிடிக்காததிலும் வருகிறது, வாங்கும்போது எதுவென்று கேளுங்கள்.

தீட்டுவதற்கு வருவோம். தெருவில் சாணைச் சக்கரம் கொண்டுவருகிறவரிடம் அரிவாளைக் கொடுங்கள், மடக்குக்கத்தியைக் கொடுக்காதீர்கள். மெல்லிசு அலகு அந்த வேகத்தில் நொடியில் சூடேறும். விளிம்பில் நீலம் பாரித்துவிட்டால் அந்த இடத்தில் உருக்கின் பதம் போய்விட்டது, அதற்குப் பிறகு என்ன தீட்டினாலும் இரண்டு நாளில் மழுங்கும். ஹாட்வெயாரில் இரண்டு பக்கக் கல் கிடைக்கும், ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் நைஸ். கத்தி விலையில் கால் பங்கைக் கல்லுக்கு ஒதுக்குங்கள், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கல்லும் இல்லையா, அலுமாரியில் இருந்து ஒரு பீங்கான் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். அடி வளையத்தைத் தடவிப் பாருங்கள், மற்ற இடமெல்லாம் வழுவழுப்பாக இருக்க அந்த வளையம் மட்டும் சொரசொரப்பாக இருக்கும், அங்கே பளபளப்புப் பூச்சு இல்லை. அதுதான் உங்கள் கல். அலகை அதில் படுக்க வைத்து முதுகை மெல்லத் தூக்குங்கள். எவ்வளவு என்றால், அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரம். அது கணக்காக 20 பாகைக்குப் பக்கத்தில் வந்துவிடும், மட்டம் பார்க்கிற கருவி எதுவும் வேண்டாம். அந்தச் சாய்வு மாறாமல், வளையத்தின் மேல் மெல்லிய தோல் ஒன்றைச் சீவி எடுக்கிற மாதிரி, அடியில் இருந்து நுனி வரை இழுங்கள். பத்துத் தரம் ஒரு பக்கம். இப்போது பெருவிரலை முதுகில் இருந்து வாயை நோக்கி மெல்லக் கொண்டுவந்து வெளியே தள்ளிப் பாருங்கள், வாயில் நீளவாக்கில் விரலைக் கொண்டுபோகக் கூடாது. தீட்டாத பக்கத்தில் நகத்தில் சிக்குகிற மாதிரி ஒரு பிசிறு தட்டுப்படும். தட்டுப்படாவிட்டால் இன்னும் பத்து. தட்டுப்பட்டால் அடுத்த பக்கம். பிறகு மாறி மாறி, அழுத்தத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் கத்தியின் கனம் மட்டும் போதும் என்கிற அளவுக்கு. முடிவில் பழைய தோல் பெல்ட்டில் முதுகுப்பக்கமாக இருபது தரம் இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். கோப்பையில் சாம்பல் நிறக் கோடுகள் விழும். வீட்டில் கேட்டால் நான் சொல்லவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

காசு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ப் பக்கம் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டின கதை எல்லாருக்கும் தெரியும். பிறகு இறங்கி 300 பக்கம் வந்தாலும் வெளிநாட்டுக் கத்தியின் விலை பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. 20 டொலர் கத்தி என்றால் 6000 ரூபாய், அதற்குமேல் அனுப்புகூலி, வரி. 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் அது நாலரை நாள் கொழுந்து. அதனால் 'கொஞ்சம் கூடப் போட்டு நல்லதா வாங்குங்க' என்று லேசாகச் சொல்ல எனக்கு வாய் வராது.

என் யோசனை இப்படி. 1500க்குள் என்றால் பூட்டுள்ள எதையும் தொடாதீர்கள். சாதாரண வில்லுக்கத்தி, மரப்பிடியோ பிளாஸ்டிக்கோ, ஒரே ஒரு அலகு, மேலே சொன்ன ஆட்டச் சோதனையில் தேறினது. அது கிடைக்காவிட்டால் கட்டர். யாராவது வெளிநாட்டில் இருந்து வருகிறார்கள், என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள் என்றால் வாசனைத் திரவியம் கேட்காமல் ஒபினெல் ஒன்றோ, சிவப்புச் சுவிஸ் கத்தியில் சின்னதோ கேளுங்கள், பெட்டியில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்துத் தொட்டிக்குத்தான் போகும். சீனக் கம்பனிகளில் சான்ரென்மு, கான்ஸோ, கொஞ்சம் மேலே சிவிவி என்று உள்தகட்டுப் பூட்டையும் ஒழுங்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பூட்டுத்தான் வேண்டும் என்றால் காசு சேரும்வரை பொறுத்து அவர்களிடம் போங்கள். ஆனால் போலி நிறைய. சிவப்புப் பிடியும் சிலுவையும் இருந்தால் சுவிஸ் ஆகிவிடாது, பெரிய அலகின் அடியில் கம்பனிப் பேர் துல்லியமாகப் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இருபத்தொரு சாமான் ஒரே பிடியில் என்று கொழுத்துப் போய் நிற்பதை வாங்கினால் இருபது சாமான் சும்மா சுமை. ஸ்பிரிங் பட்டனைத் தட்டினால் பாய்கிற கத்தி, பாம்பு மாதிரி வளைந்தது, பெயின்ட் அடித்த கறுப்பு அலகு எல்லாம் காட்சிக்கு.

கொண்டுதிரிவது பற்றி. யுத்தம் நடந்த வருடங்களில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பையைக் கொட்டி வரிசையில் நின்ற தலைமுறை நாங்கள். தமிழ்ப் பேரும் பையில் கத்தியும் ஒன்றாக இருந்தால் என்ன ஆகும் என்று அப்போது யாரும் விளக்கத் தேவையில்லை. அப்பா தன் பேனாக்கத்தியை ஹட்டன் தாண்டிப் போகும்போதெல்லாம் வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவார். காலம் மாறிவிட்டது, அந்தப் பழக்கம் எனக்கும் பாதி ஒட்டிக்கொண்டது. தோட்டத்துக்குள், கடையில், உடரட்ட மெனிக்கே ரயிலில் மாங்காய் வெட்ட, பையில் வைத்துக்கொள்வேன். நீதிமன்றம், தேர்த் திருவிழா, கூட்டம், ஊர்வலம், சிவனொளிபாத மலைக்குப் போகிற நெரிசல், இங்கெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பொலிஸ்காரர் கேட்டால் எதற்கு என்று ஒரு வரியில் சொல்ல முடிய வேண்டும். மரப்பிடியும் பழக்கறையும் உள்ள கத்திக்கு அந்த வரி சுலபம், கழுகுக்குக் கஷ்டம். ஒரு கையால் தட்டி 'டக்' என்று திறக்கிற வித்தையைப் பஸ்ஸில் காட்டாதீர்கள், பக்கத்து சீட் அக்கா எழும்பிப் போய்விடுவார். இரண்டு கையாலும் மெதுவாகத் திறந்தால் அதே அக்கா "தம்பி, இந்தப் பார்சலையும் ஒருக்கா அறுத்துத் தாங்க" என்பார். கொடுக்கும்போது மூடி, சீட்டில் வையுங்கள், அவர் எடுத்துக்கொள்ளட்டும். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று அம்மா சொல்வது சரியோ பிழையோ, விரலுக்கு நல்லது.

இப்போது என் பையில் இருப்பது மாமா கொடுத்த வில்லுக்கத்தி. அந்த 650 ரூபாய்க் கத்தியை எறிய மனம் வரவில்லை. பட்டறையில் கொடுத்து ஆணியைத் தட்டிக் கழற்றி, அலகை மட்டும் எடுத்து, கொய்யா மரப்பிடியில் மடங்காமல் இறுக்கி அடித்துத் தரச் சொன்னேன். அம்மா அதை இரண்டு வருடமாகப் பாவிக்கிறார். பல்லுள்ள பாதியில் பாண் வெட்டுகிறார், பல்லில்லாத பாதியில் லீக்ஸ். கரட்டுக்கு மட்டும் அது சரிவராது.